இரவில் சப்பாத்திக்கு மாறியும் எடை ஏன் குறையவில்லை?

கேள்வி இதுதான்: வயது 44, திருச்சியில் வங்கி வேலை, உயரம் 168 செ.மீ., எடை 79 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.9. நான்கு மாதமாக இரவில் சோற்றை விட்டு நாலு சப்பாத்தி, காலையில் முக்கால் மணி நேரம் நடை. இறங்கியது ஒரே ஒரு கிலோ. இனி அரிசியை அடியோடு நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்குப் போகலாமா, ஜிம்மில் சேர வேண்டுமா, ஆப்பிள் சிடர் வினிகர் குடிக்கலாமா?

அரிசியை நிறுத்த வேண்டாம். சிறுதானியம் பிடித்தால் சாப்பிடுங்கள், எடைக்காக என்றால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜிம் கட்டாயமில்லை, ஆனால் ஜிம்மில் செய்கிற வேலை கொஞ்சம் கட்டாயம். வினிகரை ஊறுகாய் போட வைத்துக்கொள்ளுங்கள். இனி விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சப்பாத்தியைக் கணக்குப் பார்ப்போம். வீட்டில் தேய்க்கிற நடுத்தரச் சப்பாத்தி ஒன்றுக்கு 35 கிராம் மாவு போகும். நாலுக்கு 140 கிராம். கோதுமை மாவு 100 கிராமுக்குச் சுமார் 340 கலோரி, ஆக மாவில் மட்டும் 475. கல்லில் போட்டுத் திருப்பும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் தலைக்கு 40 கலோரி, நாலுக்கு 160. இதுவே 635 ஆகிவிட்டது. வெறும் சப்பாத்தியை யாரும் தின்பதில்லை. தேங்காய் அரைத்து ஊற்றிய குருமாவோ உருளைக்கிழங்கு மசாலாவோ கூட வரும், அதோடு 750ஐத் தாண்டும். இப்போது பழைய இரவுச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். 100 கிராம் அரிசி வடித்த சோறு, ரசம், மோர், ஒரு பொரியல். அரிசியில் 350, ரசத்தில் அனேகமாக ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் சேர்த்தாலும் 500 பக்கம் நிற்கும். நீங்கள் பத்தியம் என்று நினைத்துச் செய்தது, பழைய சாப்பாட்டைவிடக் கனமான சாப்பாடு. முழுக்கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் குறைவு, அது உண்மைதான். ஆனால் நாலு சப்பாத்தியும் எண்ணெயும் சேர்ந்து அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

சிறுதானியத்துக்கும் இதே கதைதான். சாமை, வரகு, தினை, குதிரைவாலி எல்லாமே 100 கிராமுக்கு 300 முதல் 350 கலோரிக்குள்தான் இருக்கின்றன, அரிசி மாதிரியே. நார் அதிகம், சில தாதுக்கள் அதிகம், மெல்ல நேரமாகும். அதையே மாவாக்கிக் கூழாகக் குடித்தால் மெல்லவும் வேண்டாம், விறுவிறுவென்று இறங்கிச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். 2025இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க நடத்திய பெரிய கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்று அதில் தெரிந்தது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றிக்கொண்டு மொத்த மாவுச்சத்து அளவைக் குறைக்காமல் விட்டால், நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்தது. எந்தத் தானியம் என்று சண்டை போடுவதைவிட எவ்வளவு தானியம் என்று பார்க்க வேண்டும் என்று பல வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல சாட்சி.

அதனால் உங்கள் பிரச்சினை தட்டில் எது இருக்கிறது என்பதில் இல்லை, எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. நீங்கள் ஆபீசுக்கு எடுத்துப்போகிற அடுக்கு கேரியரைத் திறந்து பாருங்கள். கீழே இருக்கிற பெரிய அடுக்கில் அமுக்கி வைத்த சாம்பார் சாதம். நடு அடுக்கில் தயிர் சாதம். மேலே இருக்கிற சின்னக் கிண்ணத்தில் நாலு கரண்டி உருளைக்கிழங்குப் பொரியல், ஓரத்தில் ஒரு ஊறுகாய்த் துண்டு. மூன்றும் மாவுச்சத்துதான். உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி இவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சோற்றுக்குச் சொந்தக்காரர்கள்.

அந்த அடுக்குகளை இடம் மாற்றினால் போதும். பெரிய அடுக்கில் காய், அதாவது ஒரு கூட்டும் ஒரு பொரியலும். நடு அடுக்கில் சோறு, சமைத்தபின் 150 முதல் 200 கிராம். இது ஒரு நடுத்தரக் கிண்ணம் நிறைய வரும், 200 முதல் 260 கலோரி. சின்ன அடுக்கில் கெட்டிப் பருப்போ சுண்டலோ இரண்டு முட்டையோ, அசைவம் என்றால் மீன் துண்டோ. மோரைத் தனியாகப் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரும் ரசமும் வழக்கம்போல. எதையும் விடவில்லை, புதிதாக எதையும் வாங்கவில்லை. முதல் வாரம் மூன்று மணிக்குப் பசிக்கும், பிறகு பழகிவிடும்.

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. (அது பிறந்தது நம் குன்னூரில். 1918இல் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் தொடங்கியது, 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பியவர்களுக்கு வந்த நோய் பெரிபெரி. நூறு வருடம் கழித்தும் நாம் தீட்டிய அரிசியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.) அந்த நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று ஏறக்குறைய சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் சமைக்காத எடை.

இதை உங்கள் வீட்டுக்கு மாற்றுங்கள். நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கு 1.6 கிலோ காய். நம் வீடுகளில் நாலு பேருக்கு வாங்குவது கால் கிலோ பீன்ஸ், சாம்பாருக்கு இரண்டு முருங்கைக்காயும் ஒரு கத்தரிக்காயும். ஆளுக்கு 100 கிராம் தேறினால் அதிகம். 400 கிராமை ஒரே நாளில் எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, 250க்கு வந்தாலே சோறு தானாகக் குறையும், வயிற்றில் இடம் இருக்காது. பீன்ஸும் காலிஃபிளவரும் விலை ஏறிக் கிடக்கும்போது சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வெண்பூசணி, கொத்தவரை, வாழைத்தண்டு என்று போங்கள். உழவர் சந்தையில் காலையில் போனால் மலிவாகக் கிடைக்கும். நீர்க்காய்கள் வாணலியில் சுருங்கிப்போகும், அரை கிலோ சுரைக்காய் வெந்தபின் ஒரு கிண்ணம்தான், அதனால் அளவுக்குப் பயப்பட வேண்டாம். கீரை வாரத்துக்கு மூன்று நாள். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டாகச் செய்தால் காயும் பருப்பும் ஒரே வேலையில் முடிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயம். 400 கிராம் காய் என்று நான் எழுதிவிடலாம், அதை நறுக்குவது யார்? முருங்கைக்கீரை ஆய்வதும் வாழைப்பூவில் நரம்பு எடுப்பதும் மணிக்கணக்கான வேலை. ‘டாக்டர் காய் சாப்பிடச் சொல்லிட்டார்’ என்று வீட்டில் அறிவித்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்கிறவர்கள் இரண்டாவது வாரமே பழைய உருளைக்கிழங்குக்குத் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி டிவி முன்னால் உட்காரும்போது கத்தியும் பலகையும் உங்கள் மடியில் இருக்கட்டும். மறுநாள் காயை நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் தாளித்து இறக்குவது பத்து நிமிடம்.

அடுத்து புரதம். 79 கிலோ எடையுள்ள உங்களுக்கு, எடை குறைக்கிற காலத்தில், 65 முதல் 80 கிராம் வரை இருந்தால் நல்லது. சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் இந்த எண்ணை மருத்துவரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது உங்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது? காலையில் நாலு இட்லி, 8 கிராம். மதியச் சோற்றில் 10, சாம்பாரில் 5, இரவுச் சப்பாத்தியில் 15 பக்கம், காபிப் பால், தயிர் இவற்றில் 12. மொத்தம் 50. பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பங்கு தானியத்திலிருந்து வருகிறது. சோற்றையும் சப்பாத்தியையும் குறைத்தால் புரதமும் கூடவே குறையும். அப்போது எடை குறைவது போலத் தெரியும், அதில் ஒரு பகுதி தசையாக இருக்கும். அரிசியைக் குறைத்துவிட்டுச் சோர்ந்துபோகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈடுகட்டுவது சுலபம். முட்டை ஒன்றில் 6 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராமுக்கு மேல். பருப்பை நீர்க்கக் கரைத்த சாம்பாராக இல்லாமல் கெட்டியாக ஒரு கரண்டி. மத்தி, நெத்திலி, அயிலை மாதிரி மலிவான மீனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. குழம்பில் போட்டது நல்லது, பொரித்தது ஞாயிற்றுக்கிழமைக்கு. காலையில் இட்லியை இரண்டரை மூன்றாக்கி ஒரு முட்டையோ அரைக் கிண்ணம் முளைகட்டிய பயறோ சேர்த்தால் பதினொரு மணிப் பசி வராது. அடையும் பெசரட்டும் இதற்கென்றே பிறந்தவை, கல்லில் எண்ணெயை ஊற்றாமல் தடவினால். புரதப் பவுடர் உங்கள் அளவுக்குத் தேவையில்லை, அந்தக் காசில் மாதம் முழுக்க முட்டை வாங்கலாம்.

எண்ணெய்க்கு வருவோம். என் அனுபவத்தில் தமிழ் வீடுகளில் எடை மறைந்திருக்கும் இடம் இதுதான், சோறு வீணாகப் பழி சுமக்கிறது. யாரைக் கேட்டாலும் ‘நாங்கள் எண்ணெய் ரொம்பக் கம்மி’ என்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இது. எண்ணெய் பாக்கெட்டை வெட்டுகிற அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். தீர்ந்ததும் அடுத்ததில் எழுதுங்கள். மாதக் கடைசியில் எத்தனை பாக்கெட் என்று எண்ணுங்கள், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து. நாலு பேருக்கு மாதம் 3 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளைக்கு 23 கிராம் வரும், பரவாயில்லை. 5 லிட்டர் என்றால் 38 கிராம், 340 கலோரி, ஒரு வேளைச் சோற்றுக்குச் சமம். ஹோட்டல் தோசையும் டீக்கடை வடையும் இதில் சேராது. செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தாராளமாக ஊற்றுகிறார்கள். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். குறைக்கத் தந்திரம் ஒன்றும் இல்லை, பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவது. பொரியலுக்கு எண்ணெயை ஊற்றிக் காயை வதக்குவதற்குப் பதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்துக் கடைசியில் ஒரு தேக்கரண்டியில் தாளித்துக் கொட்டலாம். வாசனை குறையாது.

சாயங்காலம் ஐந்தரை மணி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்தவர்கள் உடைவது அந்த அரை மணி நேரத்தில். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. நடுவில் எட்டரை மணி நேரம். ஆபீஸ் கீழே இருக்கிற டீக்கடையில் பஜ்ஜி வாசனை. சும்மா ஒரு டீயோடு இரண்டு வாழைக்காய் பஜ்ஜி என்றாலும் 300 கலோரியைத் தொடும். காலையில் முக்கால் மணி நேரம் நடந்ததில் நீங்கள் எரித்தது 200 சொச்சம். பசியை மனவலிமையால் வெல்ல முயலாதீர்கள், நாலரை மணிக்கே மேசையில் ஏதாவது இருக்கட்டும். சுண்டல், ஒரு கொய்யா, ஒரு டம்ளர் மோர், ஒரு கைப்பிடி வறுத்த கடலை. கைப்பிடி என்றால் கைப்பிடிதான், நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, பொட்டலம் பிரித்தால் காலியாகாமல் நிற்காது.

காபி டீயில் சர்க்கரை: ஒரு நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 160 கலோரி. பாதியாக்குங்கள், பத்து நாளில் நாக்கு பழகும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் ஒரே குடும்பம், சர்க்கரை நோய் விஷயத்தில் சலுகை கிடையாது. பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள்.

ஆப்பிள் சிடர் வினிகர், எலுமிச்சை தேன் தண்ணீர், சீரகத் தண்ணீர், கிரீன் டீ, இவையெல்லாம் கொழுப்பைக் கரைக்காது. வினிகரைத் தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமலைத்தான் கரைக்கும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதைப் பிடித்துக்கொண்டு தினமும் கொள்ளு ரசம் வைப்பவர்கள் உண்டு. கொள்ளு நல்ல பயறு, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். அதைச் சுண்டலாகவோ துவையலாகவோ சோற்றில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சாப்பிட்டால் பலன் உண்டு. வேகவைத்த தண்ணீரை மட்டும் ரசமாக்கிக் கூடுதலாக ஒரு பிடி சோறு பிசைந்தால் என்ன பலன்? பழைய சோறும் அப்படித்தான். வெயில் காலத்தில் அதைப்போல் ஒன்று இல்லை, ஆனால் அதுவும் சோறுதான், அளவு அளவுதான்.

சனிக்கிழமை ஒருபொழுது இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இருங்கள், அது உங்கள் நம்பிக்கை. விரதம் முடிக்கிற வேளையில் எட்டு இட்லியும் கேசரியும் வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து எட்டு மணிக்கு நகர்த்தினால் தினமும் பன்னிரண்டு மணி நேர விரதம் சும்மாவே கிடைத்துவிடும்.

சரி, உடற்பயிற்சி. நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் நடையால் மட்டும் எடை குறைவது ரொம்பக் கடினம், ஏன் என்று பஜ்ஜிக் கணக்கிலேயே பார்த்துவிட்டோம். நடையின் பலன் இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனசு இவற்றில் தெரியும். போனில் 10,000 காலடி ஆகவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, எந்த மருத்துவமும் வகுத்தது அல்ல. 7,000 பக்கம் வந்தாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுவதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் முக்கால் மணி நேரத்தில் ஒரு கால் மணியை மட்டும் காலையிலிருந்து எடுத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் வையுங்கள். சாப்பிட்டவுடன் நடக்கும்போது தசை நேரடியாக இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், உங்கள் 108க்கு அது நல்லது. வேகம் வேண்டாம், தெருவில் இரண்டு சுற்று போதும்.

உங்களிடம் இல்லாதது தசைக்கு வேலை. இந்தியர்களுக்கு இது ஏன் அவசியம் என்பதற்கு எல்லாரும் காட்டுகிற ஒரு படம் உண்டு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஒன்றே, 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசில் ஒரே மாதிரி, உள்ளே வேறு மாதிரி. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வருவது இதனால்தான். அதனால்தான் நமக்குப் பி.எம்.ஐ. எல்லையையும் 23 என்று தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். உங்களுடையது 28.

வாரத்தில் இரண்டு நாள், 25 நிமிடம், வீட்டிலேயே செய்யலாம். கைப்பிடி இல்லாத சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். நுனியில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழுவது ஒரு நொடி, உட்காருவது மூன்று நொடி, தொப்பென்று விழாமல். அந்த மூன்று நொடியில்தான் தொடை நடுங்கும், அதுதான் வேலை. பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. அப்புறம் சுவரில் கைவைத்துத் தண்டால், அது சுலபமானால் சமையல் மேடை உயரத்தில், அதற்கப்புறம் கட்டில் உயரத்தில். மூன்றாவதாக 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் இடுப்பை மடக்கி எடுத்து நிமிர்வது. நாலாவதாகப் படியில் முன்பாதத்தால் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை எதையாவது கனமாக்க வேண்டும், முதுகுப் பையில் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்து எழலாம். கடைசி இரண்டு முறை சிரமமாக இல்லையென்றால் எடை போதவில்லை என்று அர்த்தம். மறுநாள் தொடை வலித்தால் பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தினால் நிறுத்துங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சூரிய நமஸ்காரம் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல பயிற்சி, உடம்பு வளையும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் கனம் கூட்ட வழியில்லை, எண்ணிக்கைதான் கூடும். இதோடு சேர்த்துச் செய்யுங்கள். ஜிம் பக்கத்தில் இருந்து, போக மனமும் இருந்தால் போங்கள், அங்கே டிரெட்மில்லில் நடந்துவிட்டு வரத்தான் போகிறீர்கள் என்றால் காசு மிச்சம்.

எடையை வாரம் ஒரு முறை பாருங்கள், ஒரே கிழமை, காலையில், கழிவறை போய்விட்டு வந்து. கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறி நிற்கும், அது உப்பும் தண்ணீரும்தான், மூன்று நாளில் இறங்கிவிடும். அதைவிட உங்களுக்கு இடுப்பளவு முக்கியம். பேன்ட் 36 என்பதால் இடுப்பு 36 என்று நினைக்காதீர்கள், பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், தையல்காரர் டேப்பால் அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

நாலு மாதத்தில் 4 கிலோ, அதாவது உங்கள் எடையில் 5 சதவீதம், அது நல்ல இலக்கு. அதற்கு மேல் வேகம் வேண்டாம். தராசு அசையாத வாரங்களும் வரும், அப்போது விட்டுவிடாமல் இருக்க ஒரு விஷயம் சொல்கிறேன். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு உங்களைப் போலச் சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. உணவும் நடையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆச்சரியம் என்னவென்றால், அவர்களுடைய சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை.

வீட்டில் அம்மா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘இளைச்சுப் போயிட்டியேப்பா, இன்னும் ஒரு கை போட்டுக்கோ’ என்பதைத் தடுக்க முடியாது. பரிமாறும் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் தட்டில் கூட்டும் பொரியலும், பிறகு பருப்பு, கடைசியில் சோறு. இரண்டாம் முறை கேட்டு வாங்குவது காயாக இருக்கட்டும், அம்மாவுக்கும் போட்ட திருப்தி இருக்கும். மீந்துபோனதை வீணாகிறதே என்று யார் தின்று முடிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், பெரும்பாலான வீடுகளில் அது மனைவி, அவருடைய சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுங்கள். ஒரு தட்டு, கூடவே வெங்காயத் தயிர்ப் பச்சடி நிறைய, அன்று இரவு ரசமும் காயும். பிரியாணியை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டவர்களைவிட இப்படிச் சாப்பிடுகிறவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

மருத்துவரிடம் ஒரு முறை போய் இரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு, கல்லீரல் பார்த்துவிடுங்கள், பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை ஏதாவது எழுதினால், சாப்பாட்டைக் குறைத்திருப்பதை அவருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் தொடர வேண்டும், சில மாத்திரைகளில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். மூன்று மாதச் சராசரியை இப்போதே மறுபடி எடுக்க வேண்டாம். இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அந்தச் சோதனை அத்தனை நாள் கணக்கையும் சேர்த்துக் காட்டுகிறது. கேரியர் அடுக்கை மாற்றிய நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் எடுங்கள். சோதனைக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காக இருந்து அதை ஏமாற்ற முடியாது.